திரும்பி வரும் கணக்கு

நவம்பர் பிறந்துவிட்டால் டெல்லி, சண்டிகர் ஜீப் பிரியர்களுக்கு ஞாயிறு காலையில் வீட்டில் இருப்புக் கொள்ளாது. முர்த்தல் தாபா ஒன்றின் வாசலில் நாலைந்து பழைய ஜிப்ஸிகள், இரண்டு தார், ஒரு ஜிம்னி என்று வரிசையாக வந்து நிற்கும். வெண்ணெய் வழியும் ஆலு பரோட்டாவை ஓரமாகத் தள்ளிவிட்டு மேஜையில் இமாசலப் பிரதேச வரைபடத்தை விரிப்பார்கள். பல் டாக்டர், ஆடிட்டர், ஓய்வுபெற்ற ராணுவ மேஜர், அப்பாவின் டிராக்டர் உதிரிபாகக் கடையைக் கவனிக்கும் இளைஞர் என்று வேறெந்த மேஜையிலும் சேர்ந்து உட்கார வாய்ப்பில்லாதவர்கள். விவாதம் ஒன்றுதான். ஜனவரியில் ஸ்பிதிக்குப் போவதா? போனால் எத்தனை நாள்?

கோடையில் ஸ்பிதிக்கு இரண்டு வழி. மணாலியிலிருந்து குன்சும் கணவாய் வழியாக ஒன்று. சிம்லாவிலிருந்து கின்னோர் வழியாக இன்னொன்று. சுமார் 4,550 மீட்டர் உயரத்திலுள்ள குன்சும், நவம்பர் வாக்கில் பனியில் மூடினால் திறக்க மே, ஜூன் ஆகிவிடும். 2020இல் அடல் சுரங்கப்பாதை வந்த பிறகு குளிர்காலத்திலும் லாஹௌல் பக்கம் எட்டிப்பார்க்க முடிகிறது. ஆனால் ஸ்பிதிக்காரர்களுக்கு அதனால் குளிர்காலத்தில் லாபமில்லை. ஆக ஜனவரியில் மிச்சமிருப்பது ராம்பூர், ரெக்காங் பியோ, நாகோ, தாபோ வழியாகக் காசாவுக்குப் போகும் பாதை மட்டும். சிம்லாவிலிருந்து 400 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். போன வழியே திரும்ப வேண்டும். நாகோவுக்கு அருகே மல்லிங் பகுதியில் மலை சரிந்தால், காசாவில் இருப்பவர் காசாவில்தான்.

நாள் கணக்கில் சண்டை வருவது இதனால்தான். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆறு நாள் லீவோடு வருவார்கள். அனுபவசாலிகள் ஒன்பது கேட்பார்கள். காசா 3,600 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. ஒரே மூச்சில் ஏறினால் தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல் என்று உடம்பு வேலைநிறுத்தம் செய்துவிடும். கல்பாவில் ஒரு ராத்திரி, தாபோவில் ஒரு ராத்திரி என்று தங்கித் தங்கித்தான் ஏற வேண்டும். அது போக, எந்த வேலையும் இல்லாத இரண்டு நாள் கையில் இருக்க வேண்டும். பாதை மூடினால் செலவழிக்க. சும்மா உட்கார இரண்டு நாளா என்று வீட்டிலும் ஆபீசிலும் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்வதுதான் பயணத்திலேயே செங்குத்தான ஏற்றம். ஆனால் திங்கட்கிழமை ஆபீசில் இருந்தாக வேண்டுமே என்ற நினைப்போடு, பனி கொட்டும்போது வண்டியைக் கிளப்புகிறவரைப் பார்த்துத்தான் கூட வருகிறவர்கள் பயப்பட வேண்டும்.

அடுத்தது வண்டி. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி இருந்தால் எதையும் சமாளிக்கலாம் என்ற நம்பிக்கை, விளம்பரங்கள் கட்டிவிட்ட கதை. நான்கு சக்கர இழுவை வண்டியைக் கிளப்பும், மேட்டில் ஏற்றும். நிறுத்த உதவாது. பிரேக் என்று வந்துவிட்டால் மாருதி 800க்கும் நான்கு சக்கரம்தான், ஜீப்புக்கும் நான்கு சக்கரம்தான். பனியைவிட ஆபத்து, கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிப் பனிக்கட்டி. பகல் வெயிலில் மலையிலிருந்து கசிந்து சாலையின் குறுக்கே ஓடும் தண்ணீர், சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் உறைந்து, ஈரத் தார்ச்சாலை போலவே பளபளக்கும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் சட்லெஜ் ஓடும் பள்ளம். அதனால் பிற்பகல் மூன்று மணிக்குள் தங்குமிடம் போய்ச் சேர வேண்டும் என்பது எழுதாத சட்டம். இறக்கத்தில் லோ கியர். பிரேக்கை மிதிக்காமல் என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும். டயருக்குப் பனிச்சங்கிலி மாட்ட வீட்டு வாசலிலேயே இரண்டு மூன்று தடவை பழகிவிட வேண்டும். மரத்துப்போன விரல்களோடு, கொட்டும் பனியில் படுத்துக்கொண்டு விளக்கப் புத்தகம் படிக்க முடியாது.

பெட்ரோல் வண்டிக்காரர்கள் குளிர்காலத்தில் மட்டும் கொஞ்சம் தலைநிமிர்ந்து நடப்பார்கள். கடுங்குளிரில் டீசலில் உள்ள மெழுகு திரிந்து ஃபில்டரை அடைத்துவிடும். காலையில் வண்டிக்கு அடியில் ஸ்டவ் வைத்துச் சூடுகாட்டும் மலைப்பிரதேசக் காட்சிக்குக் காரணம் இதுதான். லடாக், காசா போன்ற இடங்களின் இந்தச் சங்கடத்துக்காகவே மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலை 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் கொண்டுவந்தது. சமவெளியில் நிரப்பிய டேங்கோடு மேலே போய் ராத்திரி நிறுத்துகிறவருக்கு அதனால் பயன் இல்லை.

காசாவில் ஜனவரி இரவு மைனஸ் 20க்குக் கீழும் இறங்கும். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் அது உறைந்து, விரிந்து, என்ஜினைப் பிளந்துவிடும். கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி. ஹேண்ட்பிரேக் போட்டால் அப்படியே இறுகிக்கொள்ளும். கியரில் நிறுத்திச் சக்கரத்துக்கு ஒரு கல் வைக்க வேண்டும். வைப்பரைத் தூக்கி நிறுத்த வேண்டும். பாட்டரியைக் கழற்றி, கைக்குழந்தை போல அறைக்குள் எடுத்துச் செல்பவர்களும் உண்டு. கூரை மேல் எட்டு விளக்கு, ஆற்றில் இறங்க ஸ்நார்கெல் குழாய் என்று அலங்கரித்து வருகிறவர்கள் பலரிடம் ஒரு மண்வெட்டி இருக்காது.

செல்போன் சிக்னல் பாதி வழியில் கிடையாது. சாட்டிலைட் போன் வாங்கிவிடலாமே என்று யாராவது கிளம்புவார்கள். அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். அதுவும் இது திபெத் எல்லையை ஒட்டிய பாதை. உரிமம் தேவைப்படாத குறைந்த சக்தி வாக்கிடாக்கி போதும். ஒரு வண்டி இன்னொரு வண்டியின் கண்ணுக்கெட்டிய தூரத்தில் போனால் அதுவும்கூட அவசியமில்லை.

இத்தனை ஏற்பாடுகளையும் செய்துகொண்டு முக்கி முனகி ஏறும்போது எதிரே இமாசல அரசுப் பஸ் வரும். ரெக்காங் பியோவுக்கும் காசாவுக்கும் இடையே, பாதை திறந்திருந்தால் குளிர்காலத்திலும் அது ஓடுகிறது. நான்கு சக்கர இழுவையும் கிடையாது, ஸ்நார்கெலும் கிடையாது. டிரைவருக்குப் பாதையின் ஒவ்வொரு வளைவும் தெரியும். போகக் கூடாத நாளும் தெரியும்.

இப்படிப்பட்ட பயணங்கள் மீது உள்ளூர்க்காரர்களுக்கு எரிச்சல் இல்லாமல் இல்லை. 2023 கிறிஸ்துமஸ் சமயத்தில் லாஹௌலில் போக்குவரத்து நெரிசலிலிருந்து தப்பிக்க ஒருவர் தன் தார் வண்டியைச் சந்திரா ஆற்றுக்குள் இறக்கி ஓட்டினார். வீடியோ நாடெங்கும் பரவி, போலீஸ் அபராதம் விதித்தது. ஸ்பிதியில் பனிக்கடியில் இருப்பது வெறும் தரிசல்ல. கிராமத்தின் மேய்ச்சல் நிலம், பட்டாணி வயல். கிப்பர் பக்கத்தில் குளிர்காலத்தில்தான் பனிச்சிறுத்தைகள் கீழே இறங்கிவரும். சாலையை விட்டு இறங்கி வட்டம் போட அது மைதானம் இல்லை. குழாய்களெல்லாம் உறைந்து, குடிதண்ணீரைச் சுமந்துவந்து வாழும் வீடுகளில் தங்குகிறவர்கள், காலையில் வாளி நிறைய வெந்நீர் கேட்பதும் நியாயமில்லை.

கடைசியில் பேசப்படுவது, திரும்பலாம் என்று சொல்லும் உரிமை யாருக்கு என்பது. அதைத் தலைவரிடம் விட்டால் ரோஷம் குறுக்கே வரும். வண்டிகளில் இருக்கும் யார் சொன்னாலும், பின்சீட்டுக்காரர் சொன்னாலும், காரணம் கேட்காமல் எல்லோரும் திரும்புவது என்று பல குழுக்கள் வைத்திருக்கின்றன. முர்த்தல் மேஜையில் இதற்கு எல்லோரும் தலையாட்டுகிறார்கள். பரோட்டா ஆறிவிட்டது. ஒன்பது நாள் என்று முடிவாகிறது. பல் டாக்டர் செல்போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போகிறார், வீட்டில் அந்த இரண்டு நாளைப் பற்றிப் பேச.