சிலந்திக்கு அலறுகிறோம், மண்ணை மறக்கிறோம்!

பாத்ரூம் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி தெரிந்தால் போதும், வீடே அல்லோலகல்லோலப்படும். துடைப்பமும் செருப்பும் பறக்கும். அதே வீட்டுப் பையன் காலில் ஆணி குத்திக்கொண்டு வந்தால்? "சின்னக் காயம்தானே... மஞ்சளை வெச்சுக் கட்டு, சரியாப் போயிடும்!"

இது தலைகீழ் பயம் என்பேன்.

அந்தப் பெரிய வீட்டுச் சிலந்தி வலை பின்னி இரை பிடிப்பதில்லை. ராத்திரியில் ஓடியாடி கரப்பான்பூச்சியைப் பிடித்துத் தின்னும். கையில் பிடித்து நசுக்கினால் கடிக்கும், வலிக்கும். ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை.

மண்ணில் இருக்கும் 'கிளாஸ்ட்ரிடியம் டெட்டனி' என்ற பாக்டீரியா அப்படியல்ல. கண்ணுக்கே தெரியாது. மண்ணிலும் சாணத்திலும் வித்தாக வருஷக்கணக்கில் தூங்கும். காற்றுப் புகாத ஆழமான காயம் கிடைத்தால் விழித்துக்கொண்டு விஷத்தைக் கக்கும். அதுதான் ரண ஜன்னி. பெரும்பாலும் 3 முதல் 21 நாட்களுக்குள் தாடை இறுகும், விழுங்க முடியாது, உடம்பு வில்லாக வளையும். காயம் ஆறி, நாம் அதை மறந்தே போயிருப்போம்!

"துருப்பிடிச்ச ஆணி இல்லையே, பயமில்லை" என்பீர்கள். குற்றவாளி துரு அல்ல, அதில் ஒட்டியிருக்கும் மண். முள், கண்ணாடித் துண்டு, மண்வெட்டி எதுவும் போதும். காயத்தில் மண்ணையோ சாணத்தையோ அப்பினால், கிருமிக்கு நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி.

தாய்க்கும் சிசுவுக்கும் வரும் ரண ஜன்னியை இந்தியா கட்டுப்படுத்திவிட்டதாக 2015-ல் உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது. கர்ப்பிணிகளுக்குப் போட்ட தடுப்பூசிக்கும் சுத்தமான பிரசவத்துக்கும் இதில் பெரும்பங்கு. ஆனால் மண்ணில் கிருமி அப்படியேதான் இருக்கிறது. ஒருமுறை நோய் வந்து பிழைத்தவருக்குக்கூட மறுபடி வரலாம், ஊசிதான் பாதுகாப்பு.

குழந்தைகளுக்கு 10, 16 வயதில் போட வேண்டிய ஊசியைத் தவற விடாதீர்கள். பெரியவர்களுக்கு 10 வருஷத்துக்கு ஒருமுறை தேவை. காயம் பட்டால் உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டு நன்றாகக் கழுவுங்கள். ஆழமான, அழுக்கான காயம் பட்டு, கடைசி ஊசி போட்டு 5 வருஷம் தாண்டியிருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

சரி, வீட்டில் தாத்தா பாட்டி கடைசியாக எப்போது ஊசி போட்டுக்கொண்டார்கள்? இன்றைக்கே கேட்டு வையுங்கள். சிலந்தியை அதன்பாட்டுக்கு விடுங்கள், கரப்பான் குறையும்!