பூதத்துக்கு முன்னால் ஒரு கேள்வி

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை வெளியிட்டபோது, பூதத்தைக் கொன்றால் புள்ளி, பொற்காசு மீட்டாலும் புள்ளி. இன்று எங்கட பிள்ளைகளும் மேசையைச் சுற்றியிருந்து அந்தப் பகடையை உருட்டுகினம். கதை நடத்துகிற பிள்ளைக்கு ஒன்று சொல்லவேணும். பூதத்தின் பலத்தைக் கணக்குப் பார்க்க முன்னம், வீரன் ஏன் புறப்பட்டான் என்று கேளுங்கோ.

காணாமற்போன தங்கச்சியைத் தேடிப் போறவனைப் பூதம் மறித்தால், அது ஒரு சண்டை. வெட்டினால் முடிந்தது. காயப்பட்ட சிறுவன் ஒருவன் வழியில் கிடந்தால்? நின்றால் தங்கச்சியின் தடயம் அழிந்துபோகும். நடந்தால் மனசாட்சி விடாது. அந்த இடத்தில் பகடை உதவாது, பிள்ளையே முடிவெடுக்கவேணும்.

"இதென்ன விளையாட்டு?" என்று சலிக்கிற பெற்றோரே, ஒருநாள் பக்கத்தில் இருந்து பாருங்கோ.