பழைய மிஷின் வாங்கினால் கேவலமா?

என்னிடம் படித்த பெண் ஒருத்தி, பேர் வேண்டாம், அம்மா நகையை அடகு வைத்துப் புது ஓவர்லாக் வாங்கப் போகிறாள். “பழசு வாங்கினா சொந்தக்காரங்க சிரிப்பாங்க சார்” என்கிறாள்.

சொந்தங்களே, உங்களைத்தான் சொல்கிறாள்! ஆர்டர் வருமோ வராதோ, வட்டி மாதம் தவறாது. நான் பொங்கலூரில் பள்ளிக்கு ஓட்டியதும் பழைய சைக்கிள்தான், யார் சிரித்தீர்கள்?

கண்ணு, பழைய ஜூகியோ பெகாசஸோ பார். பெயின்ட்டில் மயங்காதே. ஓட்டச் சொல்லி, மேலே உள்ள கண்ணாடியில் ஆயில் தெறிக்கிறதா பார். தெறிக்காவிட்டால் திரும்பி வந்துவிடு. லூப்பர் தேய்ந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஆயில் இல்லாமல் ஓடிய மிஷினை நம்பக் கூடாது. மோட்டார் மட்டும் புதிதாக சர்வோ போடு. பழைய கிளட்ச் மோட்டார் நீ தைக்காதபோதும் சுற்றிக் கரண்டைத் தின்னும்.

ஞாயிற்றுக்கிழமை நானும் கடைக்கு வருகிறேன். நகை வீட்டிலேயே இருக்கட்டும்.