சலுகை வேண்டாம், சோதனை போதும்

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் நான் தோல் வெட்டும் கட்டர். மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்து ஒரு கார் கட்டினேன். சதுரக் குழாய்களைப் பற்றவைத்த சட்டம், காயலான் கடையில் கிடைத்த மாருதி 800-இன் 796 சிசி எஞ்சின், மிஞ்சிய தோல் துண்டுகளில் நானே தைத்த சீட்.

எடை குறைந்தால் சின்ன எஞ்சினும் சீறும். 1957-இல் லோட்டஸ் செவன் காரைத் தந்த காலின் சாப்மனின் சூத்திரம் அதுதான். அந்தக் காரைப் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டினால் அன்றைய பிரிட்டனில் வரியும் மிச்சமானது. கோவையில் கரிவரதன் மாருதி எஞ்சினை வைத்துப் பந்தயக் கார்களே செய்தார்.

என் சுகம் முதல் மழைவரைதான். சீட் ஊறி விறைத்தது. முன், பின் பிரேக் கணக்கில் நான் தவறியதால், காலி மைதானத்தில் வண்டி பம்பரமாய்ச் சுழன்றது. ரோட்டில் என்றால்?

ஆனால் ரோட்டுக்குப் போக எனக்கு வழியே இல்லை. மத்திய மோட்டார் வாகன விதி 126 கேட்கும் மாதிரி வாகனச் சோதனை, ஆயிரக்கணக்கில் தயாரிக்கும் கம்பெனிகளை மனதில் வைத்தது. பிரிட்டனில் ஒற்றை வண்டிக்கும் தனி ஒப்புதல் தேர்வு உண்டு. நம் ஒரகடத்தில் சோதனை மையம் இருக்கிறதே, கட்டணம் வாங்கிக்கொண்டு பிரேக், ஸ்டீயரிங், விளக்கு, புகை எல்லாம் பார்க்கட்டும். தேறாவிட்டால் திருப்பி அனுப்பட்டும்.

“கண்டவனும் கட்டினால் என்னாவது?” என்பார்கள். நியாயம்தான். நாங்களும் ஒவ்வொரு தோலையும் விரித்து, தழும்பு பார்த்துத்தான் வெட்டுகிறோம். பார்க்காமலே ஒதுக்குவதில்லை.