காய்ச்சினாலும் போகாத நஞ்சு

குடிநீரில் சந்தேகம் வந்தால் காய்ச்சிக் குடிப்பது நம் வீட்டு வழக்கம். சுகாதாரத் துறையும் அதையே சொல்கிறது. காலராவுக்கும் டைபாய்டுக்கும் அது சரி. நீலப்பச்சைப் பாசியின் நஞ்சிடம் அது பலிக்காது.

2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில், ஈரி ஏரியில் படர்ந்த பாசியின் மைக்ரோசிஸ்டின் என்ற கல்லீரல் நஞ்சு குழாய்நீர் வரை வந்துவிட்டது. நான்கு லட்சம் பேருக்கு மேல் குழாய்நீரைக் குடிக்கக்கூடாது என்று தடை. காய்ச்சவும் வேண்டாம் என்று நகர நிர்வாகம் எச்சரித்தது. கொதிநீரில் அந்த நஞ்சு சிதைவதில்லை. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவுதான் ஏறும்.

பாசியைக் கொன்றுவிடலாமே என்பார்கள். ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் 1979இல் அதைத்தான் செய்தார்கள். அணை நீரில் பாசி மண்டியதும் மயில்துத்தம் போட்டார்கள். பாசி செத்தது, அதன் உடலுக்குள் இருந்த நஞ்சு மொத்தமாக நீரில் கலந்தது. சில நாட்களில் 148 பேர் நோயில் விழுந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் குழந்தைகள். அதைவிடக் கொடியது பிரேசிலின் கருவாருவில் 1996இல் நடந்தது. சரிவரச் சுத்திகரிக்காத ஏரி நீர் லாரியில் ஒரு டயாலிசிஸ் மையத்துக்குப் போனது. குடிநீரில் வரும் நஞ்சு குடலைத் தாண்டியாக வேண்டும். இங்கே அது நேராக ரத்தத்தில் ஏறியது. 52 பேரின் மரணத்துக்கு அந்த நஞ்சே காரணம் என்று ஆய்வாளர்கள் முடிவுகட்டினர்.

எல்லாப் பச்சைப் படலமும் நஞ்சல்ல. எது நஞ்சு என்பதைக் கண்ணாலோ மூக்காலோ கண்டுபிடிக்க முடியாது. ஆகவே இந்தப் பொறுப்பைக் குடும்பங்களின் தலையில் கட்டுவது நியாயமில்லை. தண்ணீர் தருகிறவர்தான் சோதிக்க வேண்டும். 2004 முதல் சென்னைக்கு நீர் தரும் வீராணம் உட்பட, குடிநீருக்கு எடுக்கும் ஒவ்வொரு ஏரியிலும் கோடையில் வாராவாரம் மைக்ரோசிஸ்டின் சோதனை நடக்கட்டும். அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது: நீண்டகாலம் குடிக்கும் நீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முடிவுகளைக் கோப்பில் பூட்டாமல் அன்றன்றே வெளியிட வேண்டும்.

செலவு என்று முணுமுணுப்பார்கள். ஆண்டு முழுவதும் கேட்கவில்லை. பாசி மண்டும் மாதங்களுக்குத்தான் கேட்கிறோம். நஞ்சு தென்பட்டால் குளோரினைக் கூட்டுவதோடு நின்றுவிடக் கூடாது. முதலில் பாசியை உடையாமல் வடித்தெடுத்து, கரைந்த நஞ்சைக் கிளர்வூட்டிய கரியால் ஈர்க்க வேண்டும். சாக்கடையும் வயல் உரமும் கொண்டுவரும் பாஸ்பரஸைத் தடுப்பதே நிரந்தரத் தீர்வு என்பதில் சந்தேகமில்லை. அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். அதைக் காரணம் காட்டிச் சோதனையைத் தள்ளிப்போட முடியாது.

தனியார் லாரி நீரும் இதே சோதனைக்கு உட்பட வேண்டும். ஏரியில் நஞ்சு தெரிந்தால், பொது அறிவிப்புக்கும் முன்னால் டயாலிசிஸ் மையங்களுக்குத் தொலைபேசி போகட்டும்.