மூன்று ஏ பாடசாலை



கடந்த வாரம் ஒரு தந்தையார் பங்குப் பணிமனைக்கு வந்திருந்தார். பொதுப் பாடசாலையில் படிக்கும் தமது மகளைக் கத்தோலிக்கப் பாடசாலை ஒன்றுக்கு மாற்ற விரும்புவதாகவும், 'விசுவாச வாழ்வின் நிமித்தம்' இம்மாற்றம் வேண்டும் என நான் ஒரு கடிதம் தரவேண்டும் எனவும் கேட்டார். மகிழ்ச்சியோடு பேனாவை எடுத்தேன். பேச்சு நீண்டபோதுதான் உண்மைக் காரணம் வெளிவந்தது. பிள்ளை நன்றாகக் கரப்பந்தாட்டம் ஆடுபவள். "இப்ப படிக்கிறது வெறும் ஒரு ஏ பாடசாலை, பாதர். அது மூன்று ஏ" என்றார்.

மூன்று ஏ என்றதும் நம்மவர் மனத்தில் எழுவது உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு. மருத்துவ பீடத்தின் வாசல். ஆனால் ஒன்ராறியோப் பாடசாலை விளையாட்டில் அவ்வெழுத்துக்கு அந்தப் பொருள் இல்லை. நம் பிள்ளைகள் 'ஒஃப்சா' எனச் சுருக்கிச் சொல்லும் மாகாணப் பாடசாலை விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு 1948இல் தொடங்கியது. கரப்பந்தாட்டத்தில் அது பாடசாலைகளை ஏ, ஏஏ, ஏஏஏ போன்ற பிரிவுகளாகப் பிரிப்பது மாணவர் தொகையைக் கொண்டே. பாடசாலை பெரிதாக ஆக, ஏக்களும் கூடுகின்றன. முந்நூறு பிள்ளைகளுக்குள் ஓர் அணியைத் தேடும் பயிற்றுநரையும் ஆயிரத்தைந்நூறு பிள்ளைகளுக்குள் தேடும் பயிற்றுநரையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது என்பதே அதன் நியாயம். அது திறமைக்கு இட்ட புள்ளி அன்று. சில நகரச் சங்கங்கள் அணிகளைத் திறமைக்கேற்ப முதல் அடுக்கு, இரண்டாம் அடுக்கு எனப் பிரிப்பதுண்டு. அது வேறு கணக்கு. இரண்டையும் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம்.

தகுதி பெறும் வழியும் பலர் எண்ணுவதுபோல் அன்று. ஓர் அணி முதலில் தன் பகுதிச் சங்கத்தின் தொடரில் ஆடவேண்டும். பின்னர் வெளியேற்றுச் சுற்றுகள். தன் பிரிவில் தகுதி பெற்றால்தான் மாகாணப் போட்டி. ரொறன்ரோவின் கத்தோலிக்க உயர்நிலைப் பாடசாலைகளுக்குத் தனிச் சங்கமே உண்டு. பருவம் முழுவதும் நன்றாக ஆடிவிட்டு, ஒரு பிற்பகலில் கடைசிச் செற்றில் 15க்கு 13 எனத் தோற்றுப் பேருந்தில் வீடு திரும்பும் அணிகளே அதிகம். ஆகவே 'மூன்று ஏ' பாடசாலையில் சேர்ந்துவிட்டால் மாகாணப் போட்டி நிச்சயம் என்பது நமது கற்பனை.

கடிதம் எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாடசாலை மாறும் மாணவர், கடந்த 12 மாதங்களில் ஆடிய அதே விளையாட்டைப் புதிய பாடசாலைக்காக அடுத்த 12 மாதங்களுக்கு ஆட முடியாது என்பது பொதுவிதி. பெற்றோருடன் வீடு மாறுவது போன்ற விதிவிலக்குகள் உண்டு. அவற்றுக்குக் காரணத்தை எழுத்தில் காட்டி விண்ணப்பிக்கவேண்டும். வலிமையான அணிகள் நல்ல ஆட்டக்காரரை அங்குமிங்கும் இழுத்துக்கொள்ளாதிருக்கவே இந்த வேலி. அந்த வேலியில் ஒரு பொட்டு வைக்கத்தான் குருவானவரின் கையொப்பம் தேவைப்படுகிறது.

நான் இதைக் கடுமையாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் இத்தகைய கடிதம் ஒன்றை, அதிகம் விசாரியாமல், எழுதிக் கொடுத்தேன். விண்ணப்பம் ஏற்கப்பட்டது. புதிதாக வந்த பிள்ளை உண்மையிலேயே திறமைசாலி. முதல் ஆறுபேருக்குள் இடம் பிடித்தாள். அந்த இடத்துக்காக இரண்டு ஆண்டுகள் வாங்கிலில் இருந்து, பந்து பொறுக்கி, தண்ணீர்ப் போத்தல் சுமந்த வேறொரு பிள்ளை அணியை விட்டே விலகினாள். அவளும் நம் பங்கைச் சேர்ந்தவள். அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கடிதம் எழுதியது யார் என்பதும் அவளுக்குத் தெரியாது. அவளுடைய அம்மம்மாதான் ஒருநாள் திருப்பலி முடிந்தபின், "பிள்ளை இப்ப பள்ளிக்கூடம் விட்டால் நேரே வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்ளுது சுவாமி" என்றார். நான் போட்ட கையொப்பம் அப்போது என் கண்முன் வந்தது.

பணத்தைப் பற்றியும் பேசவேண்டும். இன்று நல்ல ஆட்டக்காரர் பெரும்பாலும் உருவாவது பாடசாலையில் அன்று, வெளிக் கழகங்களில். அங்கே ஒரு பருவத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர், வார இறுதிகளில் தொலைதூரப் பயணம், விடுதிச் செலவு. இரவு வேலையும் பகல் வேலையுமாக ஓடும் பெற்றோரின் பிள்ளைக்குப் பாடசாலை அணி ஒன்றே வாசல். கழகப் பயிற்சி பெற்ற பிள்ளைகள் ஒரே பாடசாலையில் வந்து குவியும்போது அந்த வாசல்தான் முதலில் அடைபடுகிறது. திறமையுள்ள பிள்ளை உயர்ந்த நிலையில் ஆடவேண்டும் என்று பெற்றோர் விரும்புவதில் எனக்கு மறுப்பில்லை. அதற்குக் கழகம் இருக்கிறது. வசதியுள்ளோர் அங்கே செல்லட்டும்.

ஊரிலே இப்படியா இருந்தது எனச் சிலர் கேட்பீர்கள். மாலை வெயில் தணிந்ததும் வலை கட்டி, யார் நிற்கிறார்களோ அவர்களைக் கொண்டு 'ஓவர் கேம்' ஆடிய நினைவு எனக்கும் இனிக்கிறது. ஆனால் அந்த வலைக்கு அருகே எங்கள் சகோதரிகள் வந்ததில்லை. எல்லார் வீட்டுப் பையன்களும் எல்லா வளவுகளுக்குள்ளும் வந்துவிடவும் இல்லை. ஊரைப் புகழ்ந்து இங்குள்ள ஒழுங்கைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. இங்கே விதி எழுத்தில் இருக்கிறது, எவரும் வாசிக்கலாம். அதை நாம் பொய்க் காரணத்தால் வளைக்கும்போதுதான் மீண்டும் 'ஆளைப் பிடித்தால் ஆகும்' என்ற பழைய ஊர் திரும்பி வருகிறது.

ஆகவே இனி என் நிலை இதுதான். வாடகை தாளாமல் வீடு மாறினீர்களா, பிள்ளை வகுப்பில் துன்புறுத்தப்பட்டாளா, உண்மையிலேயே கத்தோலிக்கக் கல்வியை நாடுகிறீர்களா, வாருங்கள். அன்றே எழுதித் தருவேன். கரப்பந்தாட்டத்துக்காக என்றால் கரப்பந்தாட்டம் என்றே எழுதுவேன். அது உங்களுக்கு உதவாது என்பதும் எனக்குத் தெரியும்.

அந்தத் தந்தையார் சற்று மனத்தாங்கலோடுதான் எழுந்தார். "மகள் என்ன சொல்கிறாள்?" என்று கேட்டேன். அவளிடம் இன்னும் கேட்கவில்லையாம். அவள் ஆடும் ஆட்டம் ஒன்றையேனும் பார்த்தீர்களா என்றேன். வேலை நேரம், பாதர் என்றார். அது உண்மைதான், பாடசாலை ஆட்டங்கள் வார நாள்களில் பிற்பகலிலேயே நடக்கின்றன. வரும் வியாழன் மூன்றரை மணிக்கு அந்த 'வெறும் ஒரு ஏ' பாடசாலையின் மண்டபத்தில் அவளுடைய அணிக்கு ஆட்டம் இருக்கிறது. நான் போகிறேன். அவருக்கும் ஓர் இடம் பிடித்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.