ரசிகர் மீட்ட முள்ளெலி

ஜப்பானின் சேகா நிறுவனம் 1991இல் ஓடவிட்ட நீல முள்ளெலி சோனிக், முப்பரிமாணத்துக்கு மாறிய பிறகு அடிக்கடி தடுமாறியது. பழைய ஓட்டத்தை மறக்காதவர் கிறிஸ்டியன் வைட்ஹெட் என்ற ஆஸ்திரேலிய ரசிகர். அந்த வேகத்தையும் துள்ளலையும் அச்சுப்பிசகாமல் தரும் மென்பொருளைச் சொந்தமாகவே எழுதினார். சேகா வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கலாம், வேலை கொடுத்தது! முதலில், 2011இல் ‘சோனிக் சிடி’ மறுவெளியீடு. பிறகு, 2017 ஆகஸ்டில், அவரும் சிறு குழுக்களும் சேர்ந்து உருவாக்கிய ‘சோனிக் மேனியா’. விமர்சகர்கள் கொண்டாடினார்கள். அதே நவம்பரில் சேகாவின் சொந்தக் குழு வெளியிட்ட ‘சோனிக் ஃபோர்சஸ்’ விளையாட்டுக்கு அந்த வரவேற்பு இல்லை. உள்ளே இருந்தவர்களுக்குக் கசந்திருக்கும். ஆனாலும் மேனியாவை மேற்பார்வையிட்டவர் சொந்தக் குழுவின் தலைவர் தகாஷி ஈசுகாதான். அடுத்த ஆண்டு வந்த ‘மேனியா பிளஸ்’ வேலையும் அந்த வெளியாட்களிடமே போனது.